உடல்தகுதித் தேர்வு: யாருடைய உடல் அளவுகோல்?

பள்ளி மாணவர்களின் உடல்தகுதியை அளக்கும் தேர்வுகள் நடுநிலையானவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆனால் எதை அளப்பது, யாரோடு ஒப்பிடுவது என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்துள்ளது. அமெரிக்காவின் எழுபதாண்டு வரலாறு இதற்குச் சான்று.

1950களில் மருத்துவர் ஹான்ஸ் கிராஸும் உடற்பயிற்சியாளர் பானி ப்ருடனும் ஆறு எளிய அசைவுகள் கொண்ட கிராஸ்–வெபர் சோதனையை அமெரிக்க, ஐரோப்பியச் சிறார்களிடம் நடத்தினர். ஓர் அசைவில் தவறினாலும் தோல்விதான். அமெரிக்கச் சிறார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தோற்றனர். ஐரோப்பியரில் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே தோற்றனர். பனிப்போர்ச் சூழலில் இது நாட்டின் பாதுகாப்புச் சிக்கலாகப் பேசப்பட்டது. 1956இல் அதிபர் ஐசனோவர் இளைஞர் உடல்தகுதிக் குழுவை அமைத்தார்.

1958இல் வந்த தேசியத் தேர்வில் 50 கெஜ விரைவோட்டம், 600 கெஜ ஓட்டம், பந்தெறிதல் ஆகியன இடம்பெற்றன. அது உடல்நலத்தைவிட விளையாட்டுத் திறனையே மிகுதியும் அளந்தது. 1966இல் தொடங்கிய அதிபர் விருது, தேசிய அளவீட்டில் நூற்றுக்கு 85 பேரை விஞ்சுவோருக்கே கிட்டியது. நலவாழ்விற்கு எவ்வளவு திறன் போதுமானது என்று அத்தேர்வு கேட்கவில்லை.

1982இல் கூப்பர் நிறுவனம் உருவாக்கிய ஃபிட்னஸ்கிராம் அக்கேள்வியை எழுப்பியது. பிறரோடு ஒப்பிடுவதை விடுத்து, உடல்நலத்திற்குத் தேவையான அளவை எட்டினால் போதும் என்னும் முறை படிப்படியாக வேரூன்றியது. 2012இல் அதிபர் தேர்வு கைவிடப்பட்டு, இம்முறையை அடிப்படையாகக் கொண்ட திட்டம் வந்தது. 2025 ஜூலை 31 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை பழைய தேர்வை மீண்டும் உயிர்ப்பித்தது.

இந்தியாவிலும் கேலோ இந்தியா திட்டத்தின்கீழ்ப் பள்ளி மாணவர்களின் ஓட்டமும் உடல் நிறைக் குறியீடும் அளக்கப்படுகின்றன. ஆனால் தேர்வு நாளுக்கு முன்பே உடலில் சமூகம் எழுதிவிடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம். பசியின் தழும்பை மாணவரின் தகுதிக்குறைவு என்று பதிவு செய்வது அநீதியாகும்.

ஆகவே மதிப்பெண்ணோடு பள்ளியின் நிலையும் பதிவாக வேண்டும். விளையாட்டுத் திடல் உண்டா, உடற்கல்வி ஆசிரியர் உண்டா, தட்டில் முட்டை உண்டா? முதலில் தேர்வு எழுத வேண்டியது அரசே.