குமரிக்கு வந்தவங்க எங்க தின்னாங்க?

"கன்னியாகுமரிக்கு வர்றோம். அசல் நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு எந்த ஓட்டல்ல கிடைக்கும்?" வெளியூர் நண்பர்கள் ஆளாளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாச்சு. எனக்குப் பதில் சொல்ல வாய் வராது. ராஜஸ்தானி சாப்பாடு இருக்கு, குஜராத்தி சாப்பாடு இருக்கு, தோசை, பரோட்டா, சப்பாத்தி எல்லாம் இருக்கு. தீயல், புளிச்சேரி, எரிசேரி, இஞ்சிப் பச்சடி, அடைப் பிரதமன்னு இலை நிறைய வேணும்னா ஏதாவது கல்யாண வீட்டைத்தான் பார்த்துப் போகணும் :-)

வடநாட்டுக் கூட்டம் வருது, அவங்களுக்குத் தக்கபடி கடை போடுறாங்க என்பது ஒரு காரணம்தான். ஆனால் அது மேலோட்டமான காரணம் என்று நினைக்கிறேன். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு யார் சோறு போட்டார்கள், அந்தச் சோற்றை யாரெல்லாம் தின்ன முடிந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் வேறொரு கதை வருகிறது.

நாஞ்சில் நாடு என்பது அன்றைய திருவிதாங்கூருக்கு நெற்களஞ்சியம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம். பழையாற்றுத் தண்ணீர் போதாது என்று மலையடிவாரத்தில் பேச்சிப்பாறை அணையும் 1906-ல் கட்டி முடித்தார்கள். சோற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர். திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்கள் முதலில் கால் வைத்தது இந்த வயல்காட்டில்தான்.

வந்தவர்களுக்குச் சாப்பாடு போட அரசாங்கமே ஏற்பாடு செய்திருந்தது. ஊட்டுப்புரை என்று பெயர். பெரிய கோயில்களை ஒட்டியும் பெருவழிகளிலும் இருந்தன. காசு கிடையாது, கணக்குக் கிடையாது, உட்கார்ந்தால் இலை விழும். ஒரே ஒரு நிபந்தனைதான், பிராமணராக இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்துக்குப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் சோறு காத்திருந்தது. அந்த நெல்லை நட்டவளும் அறுத்தவளும் அந்தப் புரைப் பக்கம் போக முடியாது. சாதியைப் பொறுத்து அந்தத் தெருவில்கூட நடக்க முடியாது.

மற்றவர்களுக்குக் கல்மண்டபம் இருந்தது, வழியம்பலம் இருந்தது, சுமைதாங்கிக் கல் இருந்தது, தண்ணீர்ப் பந்தலில் மோர் கிடைத்தது. அதிலும் சாதிக்கு ஒரு தூரம். சோறு என்றால் வீட்டில் கட்டிய பொதிச்சோறுதான். இலையை வாட்டி, புளிச்சோறோ துவையல் சோறோ வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டுதான் வெளியூர் போனார்கள். வெளியே வாங்கித் தின்கிற பழக்கமே பெரும்பாலான ஜனங்களுக்கு இல்லை.

இதைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களில் ஒருவர் சாமுவேல் மட்டீர், லண்டன் மிஷன் பாதிரியார். திருவிதாங்கூருக்கு 'தர்ம பூமி' என்று ஒரு பெருமை உண்டு. 1871-ல் தான் எழுதிய புத்தகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். அவருக்கு மதம் மாற்றும் நோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு தர்மம், யார் வரியில் தர்மம் என்ற கேள்வி நியாயமானதுதானே?

மட்டீருக்கும் முன்னாலேயே இந்தக் கேள்வியை இந்த மண்ணிலேயே ஒருத்தர் கேட்டுவிட்டார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809-1851). அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. முதலில் கிணறு வெட்டினார். முத்திரிக் கிணறு. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளிக்கணும், பிறகு ஒரே பந்தியில் உட்காரணும். சுவாதித் திருநாள் ஆட்சியில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தும் அவர் நிறுத்தவில்லை.

அய்யா வழியில் இன்றைக்கும் சோறுதான் வழிபாட்டின் பாதி. பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துக் காய்ச்சின கஞ்சிக்கு அங்கே 'பால்' என்று பெயர். திருநாள்களில் அரிசியும் காய்கறியும் ஒன்றாய்ப் போட்டு வேகவைக்கிற உம்பான் அன்னம் உண்டு. இதில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஊட்டுப்புரை இலையோடு வைத்துப் பார்த்தால் ரொம்ப ஏழைச் சாப்பாடு. ஆனால் யார் வேணும்னாலும் கை நீட்டலாம். தோள்சீலைக் கலவரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இடுப்புக்கு மேலே துணி போட்டதற்காகப் பெண்களை அடித்துக்கொண்டிருந்த ஊரில் ஒரு சமபந்தி. அதற்கு எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

பிறகு காசு கொடுத்துச் சாப்பிடுகிற காலம் வந்தது. கிளப்புக்கடை, காப்பிக் கடை, போத்தி ஓட்டல். கடை வைத்தவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள், சமைத்தவர்களும் அவர்கள்தான். பிராமணர் சமைத்தால் எல்லாச் சாதியும் தின்னும், வேறு யார் சமைத்தாலும் யாராவது ஒருத்தர் எழுந்து போவார். வியாபாரத்துக்கு எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க் கதை மட்டுமில்லை இது, தென்னிந்தியா முழுக்க உடுப்பி ஓட்டல்கள் பெருகியதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

நம்ம ஊர்ச் சமையல் ஓட்டலுக்கு வராமல் போன இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். வெள்ளாளர் வீட்டுத் தீயல், நாடார் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு, கடற்கரை வீடுகளில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும்... ஒவ்வொன்றும் அதனதன் வீட்டு அடுக்களையிலேயே நின்றுவிட்டது. (மரச்சீனியை 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊரெல்லாம் பரப்பினார். ஏழைகள் பசியாறினது அதில்தான்.) பொது இடத்துக்கு வந்தது இட்லி, தோசை, சாம்பார்.

அந்தப் பொது இடத்திலும் எல்லாரும் சமம் இல்லை. எங்க தாத்தா சொல்வார், சாயாக்கடையில் சிலருக்கு கிளாஸ், சிலருக்குச் சிரட்டை. குடித்துவிட்டு அவனவனே கழுவி வைக்கணும்.

இது மாறினது தானாக இல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் சேரன்மகாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி வைத்தது 1925-ல் காங்கிரசையே உலுக்கியது. அதற்கும் முன்னால் 1917-ல் கொச்சிப் பக்கம் செறாயியில் சகோதரன் ஐயப்பன் சாதி கலந்த விருந்து நடத்தியிருந்தார். 1924-ல் வைக்கம், 1926-ல் நம்ம சுசீந்திரம், கோயில் தெருவில் நடக்கிற உரிமைக்காக. 1925-ல் கன்னியாகுமரிக்கு வந்த காந்தியையே, கடல் கடந்து போய் வந்தவர் என்று சொல்லி சன்னிதிப் பக்கம் விடவில்லை. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகு, 1937-ல் அவர் மறுபடி வந்தார். அதற்கும் இருபது வருஷம் கழித்து, 1957-ல், ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்று போடுவதை எதிர்த்து சென்னையில் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1970-ல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம், 1979-ல் ரயில், 2000-ல் வள்ளுவர் சிலை. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள், சபரிமலை சீசனில் கேட்கவே வேண்டாம். ஒருத்தருக்கொருத்தர் பாஷையே தெரியாத ஜனங்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பூரி தின்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் யாரென்று கேட்பவன் இல்லை. உள்ளே சமைப்பவன் யாரென்று கேட்பவனும் இல்லை. அந்தப் பூரி நல்லாவே இருக்காது, அது வேற விஷயம் :-)

அதனால் 'குமரியில் நல்ல சாப்பாடே இல்லை' என்று யாராவது எழுதினால் எனக்கு முன்னால் மாதிரி கோபம் வருவதில்லை. சுவையில் சொன்னால் சரிதான். ஆனால் இந்த மண்ணில் நல்ல சாப்பாடு எப்போதும் இருந்தது, அதில் உட்கார இடம்தான் இல்லாமல் இருந்தது. இப்போது இடம் கிடைத்துவிட்டது. இனி அந்த அடுக்களைகள் எல்லாம் வெளியே வரணும். தீயலும் கருவாட்டுக் குழம்பும் மரச்சீனியும் ஒரே கடையில், ஒரே இலையில். துணிந்து யாராவது கடை போடுங்க மக்கா, முதல் பந்தியில் நான் இருப்பேன்.

அதுவரைக்கும் கேட்கிறவங்களுக்கு என் சிபாரிசு ஒண்ணுதான். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போற வழியில் சாமித்தோப்புக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க. கிணற்றைப் பாருங்க. கொடுக்கிற கஞ்சியைக் குடிங்க. நாவுக்கு ருசி என்று பெரிசா ஒண்ணும் இருக்காது. பெயர் கேட்க மாட்டாங்க, ஊர் கேட்க மாட்டாங்க.