கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தல்

மணவாழ்க்கைச் சிக்கல், துக்கம், மனச்சோர்வு ஆகியவற்றில் தவிப்போருக்குத் திருச்சபை சார்ந்து அளிக்கப்படும் வழித்துணை. தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்', இலங்கையில் 'உளவளத்துணை' என்ற சொற்களும் வழக்கில் உண்டு. வேலூரில் இதற்கெனப் பயிற்சி தரும் கிறிஸ்டியன் கவுன்சலிங் சென்டர் உள்ளது.

தமிழ்ச் சபைகளில் பலரும் இதை முதலில் சந்திப்பது கல்யாணத்தை ஒட்டித்தான். கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் நாட்களில் ஆயர் மணமக்களை அழைத்துப் பேசுவார். கத்தோலிக்கரிடையே திருமணத் தயாரிப்பு வகுப்பு உண்டு. ரகசியம் காப்பதில் வேறுபாடு உண்டு: ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டதைக் குரு எக்காரணத்தாலும் வெளியிடக் கூடாது. ஆயரின் வீட்டு வரவேற்பறையில் பேசியதற்கு அந்தக் காப்பு இல்லை. ஊர் வாய்க்கு அஞ்சுவோர் தயங்குவதில் நியாயமுண்டு.

இந்தத் தயக்கத்துக்கு விடை கண்டவர் ஆங்கிலிக்கன் குரு சாட் வாரா. பூப்பெய்தியதை நோயென அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமியின் அடக்கத்தை 1935இல் நடத்தியவர் அவர். 1953இல் லண்டன் புனித ஸ்டீபன் ஆலயத்தில் முகம் காட்டாமல் பேச ஒரு தொலைபேசியோடு 'சமாரிட்டன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். பெயர் விவிலியத்தை நினைவூட்டினாலும் மதப் பிரசாரத்துக்கு அங்கே இடமில்லை, கேட்பதே பணி. இதே வழியில் இலங்கையில் சுமித்ரயோ (1974), சென்னையில் சிநேகா (1986), கொல்கத்தாவில் லைஃப்லைன் ஃபவுண்டேஷன் ஆகியவை தோன்றின.

அடி, உதை, தற்கொலை எண்ணம் உள்ள இடத்தில் ஜெபமும் பொறுமையும் மட்டும் போதா; மருத்துவரும் சட்டமும் வேண்டும். கொல்கத்தாவின் பவானிபூரிலிருந்தும் தமிழ்நாட்டின் பாளையங்கோட்டையிலிருந்தும் அழைக்கக்கூடிய இந்திய அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண் 14416.