அடங்கலில் இல்லாத பெயர்

 

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த சில நாள் கழித்து, திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். மூன்று காணி குத்தகை நிலத்தில் சம்பா வைத்திருந்தார். தென்பெண்ணைத் தண்ணீர் ஏறி அத்தனையும் அழுகிவிட்டது. "இன்சூரன்ஸ் கட்டினியாப்பா?" என்றேன். "அடங்கல் கேக்கறாங்க சார். நிலம் என் பேர்ல இல்லையே." அரசு நிவாரணம் அறிவித்திருக்கிறதே என்றேன். "அதுக்கும் அதே அடங்கல்தான் சார்" என்று சிரித்தார்.

இந்த அடங்கலின் கதை பழையது. வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் நேராகச் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டினார். பயிர் கருகிப்போனால் கர்ணம் கணக்கில் 'சாவி' என்று எழுதுவார். ஜமாபந்தியில் அந்த நிலத்தின் கிஸ்தியைத் தள்ளுபடி செய்வார்கள். அதற்கு வஜா என்று பெயர். 1884-இல் விவசாயிகள் கடன் சட்டம் வந்த பிறகு விதைக்கும் மாட்டுக்கும் தக்காவிக் கடன் கிடைத்தது. அதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வஜா என்பது சர்க்கார் தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுப்பது. சர்க்காருக்குக் கிஸ்தியே கட்டாத குத்தகைக்காரனுக்கு விட்டுக்கொடுக்க அதில் என்ன இருக்கிறது?

1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்து வி.ஏ.ஓ. வந்தார். நோட்டு அதே நோட்டுதான்.

இப்போது தருவது கடன் இல்லை, மானியம். அதன் பெயரே 'இடுபொருள் மானியம்'. போன விளைச்சலுக்கு ஈடு இல்லை, அடுத்த விதைப்புக்குக் கைச்செலவு என்று பொருள். 2015 வரை பாதிப் பயிராவது போயிருக்க வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு அதை 33 விழுக்காடாகக் குறைத்தது. 32 என்று எழுதிவிட்டால் ஒன்றும் கிடையாது. (நாங்கள் 34 வாங்கிய பையனைத் தேற்றிவிட ஒரு மார்க் தேடி விடைத்தாளைப் புரட்டுவோம். வயலில் யார் புரட்டுவது?)

நிவர், புரெவி புயல்களுக்காக 2021 ஜனவரியில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். ஃபெஞ்சலுக்கு 17,000. நம் பக்கத்துக் கணக்கில் காணிக்கு 9,000 சொச்சம். நடவுக்கூலி, உழவுக்கூலி கொடுத்தவர்கள் கூட்டிப் பார்க்கட்டும்.

நெல்லாவது அடுத்த பட்டத்தில் முளைக்கும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரம் அது. பேரன் வைக்கும் கன்று காய்க்க வருஷக்கணக்காகும். அந்த வருஷங்களின் வருமானத்தை எழுத அடங்கலில் கலம் இல்லை.

குத்தகையைப் பதிவு செய்ய வழி இல்லாமல் இல்லை. 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் போட்டார்கள். வாய்வார்த்தைக் குத்தகையில் வாழ்கிறவர் போய் மனுக் கொடுத்தால் அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்பதுதான் பயம்.

என் மாணவரிடம் சட்டத்தைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறாராம். நிவாரணம் வந்தால் அவர் கணக்கில்தான் ஏறும். பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.