வாவிக்கரையின் இரு அதிகாரங்கள்: மட்டக்களப்புக் கோட்டையும் மண்டூர்க் கோயிலும்

இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் 1072இல் ஒரு கோட்டை எழத் தொடங்கியது. அதன் தலைவர் ஆயர். படை திரட்டியவரும் வரி தண்டியவரும் வழக்குத் தீர்த்தவரும் அவரே. 1836 வரை அந்த ஆட்சியுரிமை ஆயர்களிடம் இருந்தது. கோட்டையும் பேராலயமும் இன்றும் ஒரே மேட்டில் எதிரெதிரே நிற்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கரையில் கோட்டை அதிகாரமும் கோயில் அதிகாரமும் ஒரு கையில் சேரவே இல்லை. இப்பகுதியின் வரலாற்றைக் கோட்டையை மட்டும் வைத்து எழுதுவோர் தவறவிடுவது இதைத்தான்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோட்டை கட்டினார். திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பியவரும் அவரே. திருச்சபையின் புரவலராகப் போர்த்துக்கேய மன்னர் விளங்கியதால் சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்தன. ஆனால் ஆயர் வரவில்லை. அவருடைய இருக்கை கடலுக்கு அப்பால் கொச்சியில் இருந்தது. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான்.

கட்டிய பத்தே ஆண்டில் கோட்டை கைமாறியது. 1638 மே 18 அன்று, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதைப் பிடித்தார். ஐந்து நாளில் இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தமும் எழுதப்பட்டது. நாற்கோண வடிவம், மூலைக்கொரு கொத்தளம், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி என்ற அமைப்பில் பாதிக் காவலை நீரே செய்தது. தடித்த மதில்களுக்குள் ஒல்லாந்தர் நடத்தியது வணிகக் கம்பனியின் ஆட்சி. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். பின்னர் அதே மதிலுக்குள் கச்சேரி எனப்படும் மாவட்ட நிர்வாக அலுவலகம் நெடுங்காலம் இயங்கியது.

இனித் தெற்கே, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வருவோம். குருமண்வெளித் துறையில் வள்ளம் ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். தில்லை மரங்கள் சூழ்ந்த இக்கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். மந்திரம் ஒலிக்காது, மூலத்தானத் திரையும் விலகாது. கொத்தளமோ அகழியோ இங்கே இல்லை. ஆனாலும் கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் போல இதுவும் தேசத்துக்கோயில். சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றின் மதிப்பும் முறையும் இங்கே தீர்மானமாகின.

அந்த அதிகாரம் தனியொருவரிடம் குவியவில்லை என்பதே இக்கட்டுரையின் மையம். வண்ணக்கர் கோயிலை நிர்வகிப்பார், பூசை கப்புகனாருக்கு, திருவிழாக்கள் ஊர்களுக்கும் குடிகள் எனப்படும் மரபுக் குழுக்களுக்கும் பங்கிடப்படும். குடி தாய்வழியில் வருவதால் ஒருவர் தம் தாயின் குடிக்கே உரியவர். திருவிழா முடிவில் யாருக்கு முதலில் வரிசை கொடுப்பது என்பது உபசாரம் மட்டுமன்று. நிலமும் தலைமையும் யாருடையவை என்று ஊரறியச் சொல்லும் செயல் அது. வரிசை தவறினால் வழக்கு எழும். குடிகளின் உரிமைகளைப் பேசும் ஏட்டுச் செய்திகளை எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என அச்சேற்றினார். மார்க் விட்டேக்கர் என்ற மானிடவியலாளர் 1999இல் மண்டூர்க் கோயிலைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதிகாரத்துக்கு உரிமை கோரும் பல வரலாறுகள் இக்கோயிலில் ஒன்றோடொன்று மோதுவதை அது விரித்துரைக்கிறது.

டர்ஹாமில் ஆயரின் ஆட்சியுரிமையை ஒரே சட்டத்தால் நீக்க முடிந்தது. மண்டூரில் அப்படி நீக்குவதற்கு ஒற்றைத் தலைமை இல்லை. புளியந்தீவில் மூன்று கொடிகள் மாறிய காலத்திலும் குடிகள் தங்கள் முறையை வாதாடிக் காத்துக்கொண்டதற்கு இந்தப் பங்கீடே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.