பல்கலைக்கழகமும் பொதுப்பாடமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதி செபராங் பிறை. அதன் தென்பால், நிபோங் திபால் வட்டாரத்தில் அமைந்தது பைராம் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வட்டாரம் கரும்புக்குப் பெயர் பெற்றிருந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்கள் மாறினவேனும், நெடுங்காலம் அவற்றை வளர்த்த கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகளே.

அதே வட்டாரத்தில் 2001ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இயங்கி வருகிறது. அங்குப் பல இன மாணவர் பாலம் கட்டவும் மின்பொறி அமைக்கவும் கற்கின்றனர். தம் வளாகத்தைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வாழ்ந்த மக்களைப் பற்றி அவர்கள் எதனை அறிவர்? எந்தப் பாடம் அதனை அவர்களுக்குக் கற்பிக்கிறது? பொறியியல் நூல்களில் அதற்கு இடமில்லை. எத்துறை மாணவராயினும் கட்டாயமாகக் கற்க வேண்டிய பொதுப்பாடம் ஒன்றே அதற்குரிய இடம். அப்பாடம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அமைக்கப்படுகிறது, எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பன தமிழாசிரியர் அறியத்தக்க செய்திகளாம்.

துறை வேறு, பொதுப்பாடம் வேறு

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றியது. அங்கு இந்திய இயல் துறை 1956இல் தொடங்கப்பெற்றது. அத்துறையில் சமஸ்கிருதம் முதலிடம் பெறுவதா, தமிழ் முதலிடம் பெறுவதா என்ற வினா எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழின் பக்கம் நின்று போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் அவர் திரட்டிய நிதிக்கு எளிய தொழிலாளரும் தம் உழைப்பின் பயனை ஈந்தனர். துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறியது. தனிநாயகம் அடிகளார் அதற்குத் தலைமை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் அந்நகரிலேயே கூடியது. இவை தமிழர் பெருமையுடன் நினைவுகூரும் நிகழ்ச்சிகள்.

ஆயினும் ஓர் உண்மையை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். துறையில் சேர்ந்து கற்போர் சிலர். அவருள்ளும் பெரும்பாலோர் தமிழர். மருத்துவமோ கணக்கியலோ பொறியியலோ கற்கும் மலாய் மாணவரும் சீன மாணவரும் தமிழரைப் பற்றிப் பாடமாக ஏதேனும் படிப்பாராயின், அது பொதுப்பாடத்தின் வழியே நிகழும். துறைக்காகச் சமுதாயம் ஒன்றுதிரண்டது. பொதுப்பாடத்தின்பால் நெடுநாள் கவனம் செலுத்தவில்லை. அதன் விளைவு 2006இல் தெரிந்தது. அதனைக் கூறுமுன், பொதுப்பாடம் என்னும் கருத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு துறையில் ஆழ்ந்த அறிவு பெற்றவன் பிற துறைகளில் பாமரனாக இருந்துவிடலாகாது என்பது பொதுப்பாடத்தின் அடிப்படைக் கருத்து. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல், முதலாண்டு மாணவர் அனைவருக்கும் தற்கால நாகரிகம் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கியது. போர்க்காலத்தில் போரின் காரணங்களைக் கற்பித்த வகுப்பே அமைதிக் காலத்தில் இவ்வுருப் பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் ஹார்வார்டு பல்கலைக்கழகம் பொதுக்கல்வி குறித்துப் புகழ்பெற்ற அறிக்கையொன்றை வெளியிட்டது. இந்தியாவில் 1948–49இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் இக்கருத்தை வலியுறுத்தியது.

இவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பின் ஒன்று புலனாகும். சமுதாயம் பெரிய அதிர்ச்சிக்கு உள்ளாகும் போதெல்லாம் பொதுப்பாடம் நினைவுக்கு வருகிறது. மலேசியாவும் இதற்கு விலக்கன்று. 1969 மே 13 கலவரத்தின் பின்னர், 1970 ஆகஸ்டு 31இல் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. ஒற்றுமையைப் பாடசாலை வழியாக வளர்க்கும் எண்ணம் படிப்படியே பல்கலைக்கழகத்தையும் எட்டியது. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டம் தேசிய மொழி, மலேசிய இயல், முஸ்லிம் மாணவருக்குச் சமயக் கல்வி, பிறருக்கு நன்னெறிக் கல்வி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அரசுப் பல்கலைக்கழகங்களில் 1990களின் பிற்பகுதியில் இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடமும், பின்னர் இன உறவுப் பாடமும் இடம்பெற்றன.

2006ஆம் ஆண்டின் படிப்பினை

இன உறவுப் பாடத்திற்கென மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் எழுதப்பெற்ற வழிகாட்டி நூல் 2006இல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. 1969 கலவரத்திற்கு ஓர் எதிர்க்கட்சியின்மீது பழி சுமத்தியதோடு, 2001இல் கம்போங் மேடானில் நடந்த மோதலுக்கு இந்திய இளைஞரே காரணர் என்னும் பொருள்படவும் அந்நூல் பேசிற்று. அம்மோதலில் உயிரிழந்தவர் ஆறு பேர். அவருள் பெரும்பாலோர் இந்தியர். நெருக்கமான புறம்போக்குக் குடியிருப்புகளும் வறுமையும் சூழ்ந்த இடம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், வேலையும் வீடும் இழந்து நகர் ஓரங்களுக்குப் பெயர்ந்த தமிழர் பலர். இவ்வரலாற்றை விடுத்து இளைஞரின் நடத்தையை மட்டும் காரணமாகக் காட்டுவது, நோயின் மூலத்தை விட்டுக் கொப்புளத்தை மட்டும் காட்டுவது போன்றதாம்.

கண்டனம் வலுத்தது. அமைச்சரவை அவ்வாண்டு ஜூலையில் அந்நூலைத் திரும்பப் பெற முடிவு செய்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூக மானிடவியல் அறிஞர் சம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய பாடநூல் எழுதப்பெற்று 2007இல் வெளிவந்தது. அதிகாரம் வரையறுத்துக் காட்டும் சமுதாய உண்மை ஒன்று, மக்கள் அன்றாட வாழ்வில் கண்டறியும் உண்மை மற்றொன்று என வேறுபடுத்திக் காண்பது அவ்வறிஞரின் நெறி. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவரின் அனுபவமும் சான்றாகக் கருதப்படுவதற்கு இந்நெறி இடந்தருகிறது.

பின்னரும் மாற்றங்கள் தொடர்ந்தன. 2013இல் பொதுப்பாடங்கள் நான்கு பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டன. தனியார் கல்லூரி மாணவரும் நாகரிகப் பாடத்தையும் இன உறவுப் பாடத்தையும் கற்க நேர்ந்தது. 2019இல் அரசுப் பல்கலைக்கழகங்களில் அவற்றுக்குப் பதிலாக அறவியலும் நாகரிகமும் பற்றிய பாடமும், தத்துவமும் நடப்புச் சிக்கல்களும் பற்றிய பாடமும் புகுந்தன. பெயர்கள் மாறின, பாடத்தின் பயனை எவ்வாறு அளப்பது என்ற வினாவோ மாறவில்லை.

அளவுகோல் எது?

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் புளூமின் சிந்தனைப் படிநிலைகளை நன்கறிவர். அறிதல், உணர்தல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் எனப் பயிற்சிக் கல்லூரியில் மனனம் செய்த வரிசை அது. அதன் பிறப்பிடத்தை அறிந்தோர் சிலரே. சிகாகோ பல்கலைக்கழகம் 1930களில் பொதுக்கல்வித் திட்டத்தை அமைத்தபோது, கற்பிப்பவர் வேறு, தேர்வு அமைப்பவர் வேறு எனப் பிரித்தது. அங்குத் தேர்வாளராக விளங்கியவர் ரால்ஃப் டைலர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் பெஞ்சமின் புளூம். பல கல்லூரிகளின் தேர்வாளர் கூடி ஆராய்ந்ததன் பயனாகவே 1956இல் புளூமின் நூல் வெளிவந்தது. ஆகவே, தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டக் குறிப்பில் இன்று காணும் அப்படிநிலைகள், கல்லூரித் தேர்வுத்தாள் பற்றிய கவலையிலிருந்து பிறந்தவை எனலாம்.

டைலர் 1949இல் வெளியிட்ட சிறுநூலில் கலைத்திட்டம் அமைப்போர்க்கு நான்கு வினாக்களை வகுத்தார். அடைய வேண்டிய நோக்கம் யாது? அதற்குரிய கற்றல் அனுபவம் யாது? அவ்வனுபவங்களை ஒழுங்குபடுத்துவது எங்ஙனம்? நோக்கம் நிறைவேறியதை அறிவது எங்ஙனம்? முடிவில் ஒருமுறை சோதித்தால் போதாது. தொடக்கத்திலும் சோதித்தால்தான் மாற்றத்தை அறியலாம் என்பதும் அவர் கருத்து.

இவ்வளவுகோலை இன உறவுப் பாடத்தின்மீது வைத்துப் பார்ப்போம். நோக்கம் இனங்களிடையே புரிந்துணர்வு. ருக்குன் நெகாரா எவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது என்று கேட்டு நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கச் சொன்னால், நினைவாற்றல் அளக்கப்படும், புரிந்துணர்வு அளக்கப்படாது. மாறாக, "அருகிலுள்ள தோட்டத்து முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் கூறும் வரலாற்றைப் பாடநூல் கூறும் வரலாற்றோடு ஒப்பிடுக" என்று கேட்டால், மாணவன் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்க வேண்டும், பிறகு எண்ண வேண்டும், எழுத வேண்டும். பைராம் தோட்டத்து முதியவரும் பொறியியல் மாணவனும் சந்திக்கும் இடம் அதுவே.

நூற்றுக்கணக்கான மாணவரை ஒரே மண்டபத்தில் அமர்த்திக் கற்பிக்கும் விரிவுரையாளரால் அத்தனை ஒப்பீடுகளையும் திருத்த இயலுமா என்று கேட்கலாம். இது நியாயமான தடையே. புள்ளியிட எளிதான வினாவே பெரும்பாலும் வெல்வதற்குக் காரணமும் இதுவே. ஆயின் எளிதாக அளக்கத்தக்கதை மட்டும் அளந்து வந்தால், நாளடைவில் மாணவன் அதனை மட்டுமே படிப்பான். தேர்வுத்தாள் காட்டும் வழியே மாணவன் செல்லும் வழி என்பதை ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார். குழுக்களாகப் பிரித்து ஓர் ஒப்பீடேனும் செய்விப்பது, ஒன்றும் செய்விக்காமையினும் நன்று.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழ் கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளி கடந்து ஒருநாள் பல்கலைக்கழக மண்டபத்தில் அமர்கிறான். முன்னும் பின்னும் அமர்ந்திருப்போர் பிற இனத்தார். விரிவுரையாளர் இந்தியர் வரலாறு என்னும் பகுதியைத் திறக்கிறார். அங்கே தன் பாட்டன் காடு திருத்திய செய்தி இருக்குமாயின் அவன் நிமிர்ந்து அமர்வான். குடியும் சண்டையும் மட்டும் இருக்குமாயின் தலை கவிழ்வான். மண்டபத்திலுள்ள ஏனையோரும் அவனை அப்பக்கத்தின் வழியாகவே காண்பர்.

எனவே, பொதுப்பாடம் தமக்குத் தொடர்பற்றது எனத் தமிழாசிரியர் ஒதுங்கியிருத்தல் ஆகாது. தம் மாணவர் நாளை படிக்கவிருக்கும் நூலை இன்றே வாங்கிப் படித்தல், பிழை காணின் சான்றுடன் எழுதுதல், விடுபட்டிருப்பின் தோட்டத்து வரலாற்றைத் திரட்டி அளித்தல் ஆகிய மூன்றும் அவர்தம் கடமையாம். 2006இல் ஒரு நூல் திருத்தம் பெற்றதற்குக் காரணம், அதனைச் சிலர் பக்கம் பக்கமாகப் படித்ததே.