பெரகல மலையின் தேகபலம்

தென்னாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கி வாலிபர்கள் தம் பராக்கிரமத்தை நிரூபித்த வழக்கத்தை அறிந்திருந்த நம் முன்னோர், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, இலங்கையின் ஊவாப் பகுதியில் பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் சரிவுகளில் தேயிலை தழைத்த காலத்தில், அக்கல்லினும் கடினமான சோதனையை நாள்தோறும் ஏற்றார்கள். 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையில் தொழிற்சாலை எழுப்பினார். அத்தகைய ஆலைகளுக்கெல்லாம் கொழுந்து சேர்த்தவர்கள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் செங்குத்தான மலைகளில் ஏறியிறங்கிய பெண்களே. அவர்களுடைய புஜங்கள் பருக்கவில்லை. அரைவயிற்று ஆகாரத்தில் மாமிசம் எவ்வாறு வளரும்? ஆயினும் பாரம் சுமக்கும் சக்தி அவர்களிடம் அபாரமாயிருந்தது. அது வறுமை பிழிந்தெடுத்த பலம் என்பதை வேதனையோடு சொல்லவேண்டும்.

பருக்காத புஜத்திலும் பலம் இருக்கக்கூடும் என்பது சிறாருக்கும் பொருந்தும். பருவமெய்தாத சிறார் பயிற்சியினால் பெறும் பலம், பெரும்பாலும் தசை பருப்பதனாலன்றி, நரம்புகள் தசைநார்களை ஒழுங்குற ஏவப் பழகுவதனாலேயே விளைகிறதென்று உடலியல் சாஸ்திரம் இன்று கூறுகிறது. ஆதலால் ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் விளையாட்டுப் பயிற்றும் ஆசிரியர்களே, மெலிந்த பிள்ளையைப் புஜத்தின் சுற்றளவு பார்த்து ஒதுக்காதீர்கள்; முதலில் அப்பிள்ளைக்கு வயிறார உணவு கிடைக்க வழிசெய்யுங்கள்.