தமிழ் விக்கிப்பீடியா: நிதியும் நம்பகமும்

தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர்கள் எழுதும் இலவச இணையக் கலைக்களஞ்சியம். 2003-இல் தொடங்கிய இதில் இப்போது 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. விளம்பரம் கிடையாது. அமெரிக்காவிலுள்ள விக்கிமீடியா அறக்கட்டளை வாசகர்களின் நன்கொடையைக் கொண்டு வழங்கிகளையும் மென்பொருளையும் பராமரிக்கிறது. எழுதுவோருக்குச் சம்பளம் இல்லை.

அச்சுக் காலத்து ஏற்பாடு வேறு. தி. சு. அவினாசிலிங்கம் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் பணம் திரட்டி, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. பெ. தூரன் முதன்மை ஆசிரியர். துறை அறிஞர்கள் எழுத, ஆசிரியர் குழு செப்பனிட்டது. அச்சேறிய பிழை மறுபதிப்பு வரை அப்படியே கிடக்கும்.

இணையத்தில் அந்தக் குழு இல்லை. எந்தக் கட்டுரையிலும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது தெரியும். ஆதாரமில்லாத வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்ற குறி விழும். சர்ச்சை எழுந்தால் உரையாடல் பக்கத்தில் வாதாடித் தீர்க்கிறார்கள்.

2005-இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டபோது, ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்றும் இருந்தன. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை மறுத்தது. ஆனால் அது ஆங்கிலப் பதிப்பைப் பற்றிய கணக்கு. கண்காணிக்கும் கண்கள் குறைவான தமிழுக்கு அப்படியே பொருந்தாது.

பணம் வந்தால் தரமும் வந்துவிடும் என்பதில்லை. 2009 வாக்கில் கூகுள், கூலி பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக வந்தன. நடையோ இயந்திரத்தனமாக இருந்தது. தலைப்புகளிலும் தமிழ் வாசகருக்குத் தேவையானவை குறைவு. தன்னார்வலர்கள் குறைகளை எடுத்துச் சொல்லித் திருத்தம் கேட்டனர். 2010-இல் போலந்தில் நடந்த, விக்கிப்பீடியர்களின் மாநாடான விக்கிமேனியாவிலும் அந்த அனுபவத்தை முன்வைத்தனர். 2011-இல் திட்டம் நின்றது. செப்பனிடும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

2020 ஆகஸ்டில் இந்திய வாசகர்களிடமும் அறக்கட்டளை நன்கொடை கேட்டது. அந்தப் பணம் தளத்தை இயக்கும். தமிழ்க் கட்டுரையில் தவறான ஆண்டைத் திருத்தாது. பிழையைக் கண்டவர் ‘தொகு’ என்பதை அழுத்தி, சான்றுடன் தாமே திருத்தலாம். பெரும்பாலான பக்கங்களில் அதற்குக் கணக்கு தொடங்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.